வீட்டு நீச்சல் குளம்: வேலை எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது

மதுரைப் பக்கம் வீட்டில் நீச்சல் குளம் கட்ட நினைப்பவர் ஒப்பந்தக்காரரிடம் முதலில் கேட்பது "எத்தனை நாளில் முடியும்?" என்பதைத்தான். "45 நாள், கூடிப்போனால் 60" என்று பதில் வரும். அதில் ஆள் நின்று வேலை செய்யும் நாள் மட்டுமே கணக்கு. கான்கிரீட் இறுகும் நாள், பூச்சு காயும் நாள், தண்ணீர் நிறுத்திக் கசிவு பார்க்கும் நாள் எதுவும் அதில் கிடையாது. மழையும் திருவிழாவும் அதற்கு மேல்.

தாமதம் வரும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். ஆனால் குழி தோண்டுவதற்கு முன் இரண்டு மாதம் சும்மா கிடந்தால் ஒரு பைசா நஷ்டமில்லை. அதே இரண்டு மாதம், கம்பி கட்டிய குழி ஐப்பசி மழையில் திறந்து கிடந்தால் கரை சரியும், கம்பி துருவும், தோண்டிய கூலி இரண்டாவது முறை விழும். ஆகவே "எத்தனை நாள்" என்பதைவிட "நின்றால் எந்தக் கட்டத்தில் நிற்கும்" என்பதே முக்கியமான கேள்வி. வேலை நின்றுதான் ஆக வேண்டும் என்றால் நிற்கத் தகுந்த இடத்தில் நிற்கும்படி நாள் குறிப்பதற்கு வேண்டிய கணக்குகள் கீழே உள்ளன.

ஒரு குளம், அதன் கணக்கு

உள்ளளவு 24 அடி நீளம், 12 அடி அகலம், தண்ணீர் ஆழம் ஒரு முனையில் 3½ அடி, மறுமுனையில் 5 அடி என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் கட்டப்படும் அளவு இதை ஒட்டித்தான் இருக்கும்.

சுவர் 8 அங்குலக் கான்கிரீட். சென்ட்ரிங் (கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சு) அடிக்க வெளியே இரண்டடி இடம் விட வேண்டும். அப்படியானால் குழி 29 அடிக்கு 17 அடி, சராசரி ஆழம் 6 அடி. சுமார் 30 யூனிட் மண் (ஒரு யூனிட் 100 கன அடி). தோண்டிய மண் உப்பும் என்பதால் லாரியில் ஏற்றும்போது அதுவே 40 யூனிட் ஆகிவிடும். 3 யூனிட் டிப்பரில் 13, 14 நடை. உங்கள் தெருவில் டிப்பர் திரும்புமா, மண்ணை எங்கே கொட்டுவது, வெளியே கொண்டுபோக கனிமவளத் துறையின் அனுமதிச்சீட்டு வேண்டுமா என்பதையெல்லாம் ஜேசிபி வந்து நிற்பதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். தோண்டிய மண்ணைக் குழிக் கரையிலேயே குவித்து வைத்தால் அந்தப் பாரமே கரையைச் சரிக்கும்.

கான்கிரீட் தரைக்கும் சுவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 13 கன மீட்டர். தண்ணீர் தேக்கும் கட்டுமானங்களுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3370. அது கான்கிரீட்டின் வலுத் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது என்கிறது. வீட்டுக் கூரைக்குப் போடும் எம்20-ஐக் குளத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பி ஒன்றேகால் டன் அளவில் வரும். டைல்ஸ் தரை 290 சதுர அடி, சுவர் 340 சதுர அடி. சேதாரம் சேர்த்து 700 சதுர அடி வாங்க வேண்டும். நிரப்ப 35,000 லிட்டர் தண்ணீர்.

எல்லாம் சரியாகப் போனால் நாள் கணக்கு இப்படி: தோண்ட 3, அடியில் ஜல்லி பரப்பி பிசிசி (கம்பியில்லாக் கான்கிரீட்) போட 2, தரைக் கம்பியும் குழாயும் 6, தரைக் கான்கிரீட் 1, சுவர்க் கம்பியும் சென்ட்ரிங்கும் 8, சுவர்க் கான்கிரீட் 1, க்யூரிங் (காயாமல் நனைத்து இறுக விடுவது) 14, தண்ணீர் நிறுத்திப் பார்க்க 10, சுற்றி மண் நிரப்பி இறுக்க 3. இதுவரை 48 நாள். பிறகு பூச்சும் அதன் க்யூரிங்கும் 12, வாட்டர் புரூபிங் 8, டைல்ஸ் 12, இடைவெளி அடைக்க 3, அது இறுக 14, தண்ணீர் நிரப்பி மருந்து சரிபார்க்க 5. ஆக 102 நாள். இதில் ஒரு நாள்கூடத் தாமதம் சேரவில்லை.

48, 102 என்ற இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் 48 நாள் வானத்தையும் நிலத்தடி நீரையும் நம்பிய வேலை. அதற்குப் பிறகு வரும் தாமதம் காசையும் பொறுமையையும் தின்னும், ஆனால் குளத்தைக் கெடுக்காது.

எப்போது தொடங்குவது

நம் ஊரில் வாஸ்து நாள் பார்க்காமல் கடப்பாரை வைப்பவர் குறைவு. ஆண்டில் எட்டு வாஸ்து நாள்: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. அதையே வைத்துக் கணக்குப் போடலாம்.

தை 12, அதாவது ஜனவரி 25 வாக்கில் தொடங்கினால் மார்ச் நடுவில் 48 நாள் முடியும். ஏப்ரல் நடுவில் டைல்ஸ் முடிந்துவிடும். மே முதல் வாரம் தண்ணீர். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் குளிக்க வேண்டும் என்றால் இதுதான் நாள். ஒரு மாதம் தள்ளிப்போனாலும் ஜூன் ஆகுமே தவிர மழையில் மாட்டாது.

சோழவந்தான், அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் மட்டும் தை மாதம் யோசிக்க வேண்டும். பெரியாறு பாசனக் கால்வாய்த் தண்ணீர் ஓடி, கண்மாய்கள் நிறைந்து கிடக்கும் காலம் அது. ஆறடி தோண்டுவதற்குள் ஊற்று வந்துவிடும். அங்கே மாசி 22 நல்லது. மார்ச் முதல் வாரம் தொடங்கினால் ஏப்ரல் 22 வாக்கில் தொட்டி எழும்பி, மண்ணும் நிரப்பியாகிவிடும். இருபோகப் பகுதிக்குக் கால்வாயில் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூனில்தான்.

வைகாசி 21 எந்தப் பக்கத்துக்கும் ஓரளவு பொருந்தும். ஜூன் முதல் வாரத்திலிருந்து 48 நாள் என்றால் ஜூலை 22. இருபது நாள் இழுத்தாலும் ஆகஸ்டில் தொட்டி நிற்கும். ஆடி 11 கடைசி எல்லை. செப்டம்பர் 13 வாக்கில்தான் மண் நிரப்பி முடியும், இழுப்பதற்கு மிஞ்சுவது இரண்டு வாரம். அதிலும் ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை உண்டு.

ஆடி வேண்டாம் என்று ஆவணி 6-க்குத் தள்ளுபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். ஆகஸ்ட் 22-இலிருந்து 48 நாள் அக்டோபர் 9. மதுரைக்கு அதிக மழை தரும் மாதம் அக்டோபர். அந்த நேரத்தில் சுவர் க்யூரிங்கிலோ தண்ணீர்ச் சோதனையிலோ இருக்கும்; சுற்றி மண் நிரப்பியிருக்காது. ஆவணியில் பூஜை போட்டே ஆக வேண்டுமென்றால் போடுங்கள். கல்லை வைத்துப் பூஜையை முடித்துவிட்டு ஜேசிபியைத் தையில் கூப்பிடுங்கள். இடைப்பட்ட மாதங்களை வரைபடம், அனுமதி, டைல்ஸ் தேர்வு, மண் சோதனை இவற்றுக்கு வைத்துக்கொண்டால் ஒரு நாளும் வீணாகாது.

ஆள் வராத நாட்களும் உண்டு. பொங்கல் வாரத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. கொத்தனார் முதல் சித்தாள் வரை யாரும் வேலைக்கு வர மாட்டார்கள். மாசி மாதச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போனால் மூன்று நாள். பங்குனியில் கிராமத்துக்கு கிராமம் பொங்கல், முளைப்பாரி. சித்திரைத் திருவிழாவில் கொடியேற்றம் முதல் அழகர் மலை திரும்பும் வரை நகருக்குள் லாரி நுழைவதே பாடு. வடமாநிலத் தொழிலாளர்களை வைத்து வேலை செய்பவரானால் ஹோலி, சத் பூஜை நாட்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனால் திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். இந்த நாட்களில் கான்கிரீட் போடத் திட்டமிடாதீர்கள். க்யூரிங்கை இந்த நாட்களோடு பொருத்தினால் விடுமுறையே வேலையாகிவிடும். ஆனால் தண்ணீர் ஊற்ற ஒருவர் இருக்க வேண்டும்.

மண்ணைக் கேட்காமல் நாள் குறிக்காதீர்கள்

ஒப்பந்தம் போடுவதற்கு முன் ஒரு சோதனைக் குழி தோண்டுங்கள். குளம் வரப்போகும் இடத்தில், ஆழமான முனையில், மூன்றடிக்கு மூன்றடி, எட்டடி ஆழம். ஜேசிபிக்கு ஒரு மணி நேர வேலை. எட்டடிக் குழிக்குள் ஆள் இறங்க வேண்டாம், மேலே இருந்தே பாருங்கள். சுற்றிக் கயிறு கட்டி, தகரம் போட்டு மூடி, இரண்டு நாள் விடுங்கள்.

திரும்பி வந்து பார்க்கும்போது சுவரைக் கவனியுங்கள். மேலே மூன்றடி கருப்பாக, விரல் நுழையும் வெடிப்போடு இருக்கும். அதன் கீழே வெள்ளை, மஞ்சள் புள்ளியோடு சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டி மண்). இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஈரமாக மினுங்கும். தொட்டால் விரலில் குழம்பாக ஒட்டும். அடியில் ஒரு சாண் தண்ணீர் நிற்கலாம். கருப்பு மண்ணில் இறங்கும் மழைத்தண்ணீர் சுக்கானைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் ஓடுகிறது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. கோடையில் அது வெறும் ஈரம். கார்த்திகையில் அதே கோட்டிலிருந்து ஊற்று வரும்.

சோதனைக் குழி கோடையில் காய்ந்திருந்தால் மட்டும் போதாது. பக்கத்துக் கிணற்றில் தை மாதம் தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்று கேளுங்கள். கண்மாய்க் கரையிலிருந்து உங்கள் மனை எவ்வளவு தூரம், கண்மாயின் நிறை மட்டத்தைவிட உயரமா தாழ்வா என்பதையும் பாருங்கள்.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். காலியான குளத்தின் சுவரை வெளியே இருந்து தள்ளும். அங்கே தரைக்கு அடியில் இன்னும் ஓரடி அல்லது ஒன்றரை அடி எடுத்துவிட்டு, செம்மண் கிராவல் போட்டு, ஆறங்குலம் ஆறங்குலமாகத் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். சுவருக்கு வெளியே நிரப்பவும் கிராவல்தான்; தோண்டிய கரிசலைத் திருப்பிப் போடக் கூடாது. நம் கணக்குக் குளத்துக்குச் சுற்றி நிரப்ப மட்டும் 9, 10 யூனிட். வேலையும் மூன்று நான்கு நாள் கூடும்.

மேலூர், அழகர்கோவில், திருப்பரங்குன்றம், நாகமலைப் பக்கம் பாறை. ஜேசிபி வாளி சறுக்கினால் பிரேக்கர் மாட்டிய இயந்திரம் வர வேண்டும். மூன்று நாள் வேலை பத்து, பதினைந்து நாளாகும். வீடுகள் நெருங்கிய இடத்தில் வெடி வைக்கும் பேச்சே வேண்டாம். துளை போட்டு உப்பும் கலவை ஊற்றிப் பிளக்கும் முறை உண்டு, அது மெதுவாகத்தான் நடக்கும். சோதனைக் குழியில் நாலடியில் பாறை தட்டினால் ஆழத்தைக் குறைத்து, சுற்று மேடையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுவது பல வீடுகளுக்குப் பொருந்தும். அந்த முடிவை வரைபடத்தில் எடுக்க வேண்டும், பாதிக் குழியில் நின்றுகொண்டு எடுக்கக் கூடாது.

தொட்டி மிதக்கும்

காலியான கான்கிரீட் தொட்டி நிலத்தடித் தண்ணீரில் படகு போல மேலே எழும்பும். பலர் நம்ப மாட்டார்கள், கணக்குப் பார்க்கலாம். நம் தொட்டியின் அடிப்பரப்பு 31 சதுர மீட்டர். அடிமட்டத்துக்கு மேல் வெளியே ஒரு மீட்டர், அதாவது மூன்றேகால் அடி உயரம் தண்ணீர் நின்றால் அது தொட்டியை 31 டன் விசையோடு மேலே தள்ளும். 13 கன மீட்டர் கான்கிரீட்டின் மொத்த எடையே 32 டன்தான். இன்னும் கால் மீட்டர் தண்ணீர் ஏறினால் ஒரு மூலை தூக்கும், தரையில் விரிசல் ஓடும், குழாய் முறியும். அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை, உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே ஓரடி தண்ணீர் நிறுத்தினால் 8 டன் பாரம் கிடைக்கும். மழைக்கு முன் வேலை நிற்கிறதென்றால் மூன்றடி, நான்கடி தண்ணீர் நிரப்பிவிட்டு நிறுத்துங்கள். நிலத்தடி நீர் உயரும் இடத்தில் தரையின் ஆழமான இடத்தில் நீரழுத்த வால்வு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். வெளி அழுத்தம் கூடினால் அது திறந்து தண்ணீரை உள்ளே விடும். கூடவே தரைக்கு அடியில் ஜல்லிப் படுகையும், ஒரு மூலையில் மேலிருந்து மோட்டார் இறக்கக்கூடிய எட்டங்குலக் குழாயும் இருந்தால் எந்த மாதத்திலும் நீர்மட்டத்தைப் பார்க்கலாம், இறைக்கலாம். பிசிசி போடுவதற்கு முன் வைக்க வேண்டியவை இவை. பிறகு வைக்க முடியாது.

நிற்கத் தகுந்த இடம் மூன்று. ஒன்று, தோண்டுவதற்கு முன். இரண்டு, தொட்டி முடிந்து, கசிவு பார்த்து, சுற்றி மண் நிரப்பி, உள்ளே தண்ணீர் விட்ட பிறகு. அந்த நிலையில் ஆறு மாதம் கிடந்தாலும் கான்கிரீட்டுக்கு நல்லதுதான். கொசுப்புழு வராமல் பிளீச்சிங் பவுடர் மட்டும் விடாமல் போட வேண்டும். நின்ற தண்ணீர் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில். மூன்று, டைல்ஸ் முடிந்து தண்ணீர் நிரப்பிய பிறகு.

மற்ற எல்லாக் கட்டங்களிலும் நிற்பது ஏதோ ஒரு வகையில் செலவு. தரைக் கான்கிரீட் போட்டு, சுவருக்கு நீட்டிய கம்பியோடு ஒரு மாதம் விட்டால், இணைப்பில் வைத்த வாட்டர் ஸ்டாப்பர் பட்டை வெயிலிலும் மிதியிலும் கிழியும். சுவர் போடும்போது அந்த இணைப்பு மண்ணும் குப்பையுமாக இருக்கும், கசிவு அங்கேதான் தொடங்கும். வாட்டர் புரூபிங் பூசி, டைல்ஸ் வராமல் கத்திரி வெயிலில் விட்டால் பூச்சு வெடித்து உரியும், மறுபடி பூச வேண்டும். டைல்ஸ் சரக்கு உங்கள் வீட்டுக்கு வந்து, எண்ணிப் பார்த்த பிறகே வாட்டர் புரூபிங்கைத் தொடங்க விடுங்கள்.

எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. திறந்த குழியோ, தண்ணீர் நிற்கும் தொட்டியோ, சுற்றி ஆள் உயரத் தகர வேலி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்க்க வரும். இரண்டடி தண்ணீர் போதும்.

குறைக்கக் கூடாத நாட்கள்

தாமதமாகிவிட்டது என்றதும் முதலில் வெட்டப்படுவது க்யூரிங். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456-இன்படி சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வெப்பமும் வறட்சியுமான இடத்தில் 10 நாளுக்குக் குறையக் கூடாது, கலப்புச் சிமெண்டு என்றால் 14 நாள் பரிந்துரை. இங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசி என்ற கலப்புச் சிமெண்டு. ஆகவே 14 நாள் என்பதில் பேரம் இல்லை.

க்யூரிங் நடக்கிறதா என்று பார்க்கப் பகல் இரண்டு மணிக்குப் போங்கள். காலையில் எல்லாச் சுவரும் ஈரமாகத்தான் இருக்கும். பங்குனி வெயிலில் இரண்டு மணிக்குச் சுவரில் தொங்கும் சணல் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். சாக்கின் நடுவே ஈரம் இருந்து, மேல் விளிம்பு சாம்பல் வெளுப்பாக, உரசினால் மாவு போல விரலில் வந்தால், அந்த மேல் ஓரடி காய்ந்துவிட்டது. தண்ணீர்க் கோடு வரப்போவதும் அந்த ஓரடியில்தான். சாக்கை மேலே மடித்துச் சுவர் தலையில் போட்டு, துளையிட்ட குழாய் ஒன்றை ஓட விட்டால் ஆள் இல்லாத நேரத்திலும் சொட்டும். கோடையில் கான்கிரீட்டை வெயில் ஏறுவதற்கு முன் போட்டு முடிக்கும்படி லாரியை விடியற்காலைக்கு வரச் சொல்லுங்கள். 13 கன மீட்டருக்கு இரண்டு மூன்று லாரி. தரை ஒரு நாள், சுவர் ஒரு நாள். சுவரைப் பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வது கசிவுக்குக் கதவு திறப்பது போல.

குழாய்ச் சோதனையும் அப்படித்தான். தரைக் கம்பிக்கு அடியில் போகும் குழாய்களில் 2 முதல் 3 கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க முள் இறங்காமல் இருக்க வேண்டும். பிறகும் கேஜைக் கழற்றாதீர்கள். கான்கிரீட் கொட்டும்போது வைப்ரேட்டர் பட்டுக் குழாய் உடைந்தால் அப்போதே முள் விழும், ஈரக் கான்கிரீட்டை விலக்கி அங்கேயே சரிசெய்யலாம். கழற்றிவிட்டால் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் தெரியும். அடிமட்ட உறிஞ்சுவாய் இரண்டு இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று மூன்றடிக்குக் குறையாமல். ஒன்றே இருந்தால் முடியோ கையோ அதில் சிக்கும் அபாயம் உண்டு.

தண்ணீர்ச் சோதனைக்கு 10 நாள் என்பது கசிவே இல்லாத தொட்டிக்கு. முதல் ஏழு நாள் கான்கிரீட் தண்ணீரைக் குடிக்கும், மட்டம் இறங்கும், பயப்பட வேண்டாம். அதன் பிறகு ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றிப் படியில் பாதி மூழ்க வையுங்கள். வாளிக்குள்ளும் வெளியேயும் மட்டத்தைக் கோடு போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவி. கத்திரியில் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேலேயே போகும். வெளிமட்டம் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. சுற்றி மண் நிரப்பாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். வெளிச்சுவரில் ஈரத் திட்டு எங்கே என்று கண்ணாலேயே பார்க்கலாம். பெரும்பாலும் சென்ட்ரிங் பலகையை இழுத்துக் கட்டச் சுவர் வழியே விட்ட கம்பித் துளைகளிலும், தரை சுவர் இணைப்பிலும் இருக்கும். துளை போட்டுக் கலவையை அழுத்தி ஏற்றி மறுபடி நிரப்பிப் பார்க்க இன்னும் 12 நாள் ஒதுக்குங்கள்.

உரிமையாளரால் வரும் தாமதம்

இதைச் சொன்னால் முகம் சுளிக்கலாம், ஆனால் மழைக்கு அடுத்தபடி வேலையை நிறுத்துவது வீட்டுக்காரர் முடிவு சொல்லாததுதான். விளக்கு எத்தனை, எந்தச் சுவரில். படி எந்த மூலையில். தண்ணீர் வரும் வாய் எத்தனை. மோட்டார் அறை எங்கே. சுவர்க் கம்பி கட்டும் நாளோடு இவற்றின் கதவு மூடிவிடும். அதன்பின் ஒரு விளக்குக் கூட்டினாலும் இறுகிய கான்கிரீட்டில் துளை போட வேண்டும், அந்தத் துளை கசியும்.

டைல்ஸைத் தோண்டும் வாரத்திலேயே தேர்ந்து முன்பணம் கட்டுங்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் சரக்கானாலும், கப்பலில் வரும் கண்ணாடி மொசைக்கானாலும், 700 சதுர அடியும் ஒரே லாட் எண்ணில் இருக்க வேண்டும். 40 சதுர அடி குறைந்து பிறகு வாங்கினால் நிறம் ஒரு சாயல் தள்ளி வரும். தண்ணீருக்குள் அது பளிச்சென்று தெரியும். எம்-சாண்ட், ஜல்லிக்கும் இதே எச்சரிக்கை: குவாரி, கிரஷர் வேலைநிறுத்தம் வந்தால் மாவட்டம் முழுக்க நின்றுபோகும். ரெடிமிக்ஸ் எடுத்தாலும் அதே ஜல்லிதான். பூச்சுக்கு வேண்டிய எம்-சாண்டையாவது முன்கூட்டி இறக்கித் தார்ப்பாய் போட்டு வையுங்கள்.

மின்வாரியத்தில் கூடுதல் பளு கேட்பதும், உள்ளாட்சி அமைப்பில் அனுமதி கேட்பதும் முதல் நாளே தொடங்க வேண்டிய வேலை. ஏற்கெனவே வாங்கிய வீட்டு வரைபட அனுமதியில் குளம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ பக்க இடைவெளிக்குள் குளம் வரலாமா என்று எழுத்தில் கேளுங்கள். குளத்து விளக்கு 12 வோல்ட்டாகவும், மோட்டார் வரிசைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கட்டும். எர்த்திங் குழி தோண்டவும் இதே ஜேசிபி உதவும்.

ஃபைபர் தொட்டி வாங்கினால் இந்த 102 நாள் மூன்று நான்கு வாரமாகச் சுருங்கும் என்பது உண்மை. தாமதம் அங்கே வழியில் காத்திருக்கும். 12 அடி அகலத் தொட்டி உங்கள் தெருமுனையில் திரும்புமா, கிரேன் நிற்க இடமுண்டா, மேலே மின்கம்பி எத்தனை அடியில் போகிறது என்று அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள். கம்பி குறுக்கே இருந்தால் மின்வாரியத்தில் மின்தடை நேரம் வாங்கி, அதே நேரத்துக்குக் கிரேனும் வர வேண்டும். தொட்டியை இறக்கியதும் உள்ளே ஓரடி தண்ணீர், வெளியே ஓரடி எம்-சாண்ட் என்று மாறி மாறி நிரப்ப வேண்டும். வெளியே மட்டும் நிரப்பினால் சுவர் உள்ளே வளையும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

பணத்தைத் தேதியோடு கட்டாதீர்கள், கட்டத்தோடு கட்டுங்கள். குழாய் அழுத்தம் ஒரு நாள் நின்ற பிறகு ஒரு தவணை, தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் ஒரு தவணை, டைல்ஸ் முடிந்ததும் ஒரு தவணை, பத்து சதவீதம் நிரப்பி ஒரு மாதம் ஓடிய பிறகு. அதேபோல் உங்கள் தவணையும் நாள் தப்பக் கூடாது. சம்பளம் கிடைக்காத சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள், கம்பி கட்டுபவர் வேறு சைட்டுக்குப் போயிருப்பார். அவரைத் திரும்பப் பிடிக்கப் பத்து நாளாகும்.

தாமதத்தை மூன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். மழை, வேலைநிறுத்தம், பாறை வந்தால் நாள் கூடும், காசு கூடாது. பிரேக்கர் வாடகைக்கு மட்டும் மணிக்கு இவ்வளவு என்று முன்பே பேசிவிட வேண்டும். உரிமையாளர் மாற்றம் சொன்னால் நாளும் காசும் கூடும். ஆள் வராமல் நின்றால் ஒப்பந்தக்காரர் பொறுப்பு, அதற்கு நாளொன்றுக்கு ஒரு தொகை. ஒரு நாற்பது பக்க நோட்டை சைட்டில் தொங்கவிட்டு, அன்றன்று எத்தனை ஆள், என்ன வேலை, மழை உண்டா இல்லையா என்று மேஸ்திரியையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால், பிறகு யார் சொன்னது சரி என்ற பேச்சு எழாது. மூடப்போகும் குழாய்களை அளவு நாடா வைத்துப் படம் எடுத்து வைப்பதும் அன்றைய வேலையில் சேர்த்தி.

குழி திறந்திருக்கும்போது மழை பிடித்துவிட்டால்

முதலில் சேறு மோட்டாரை இறக்குங்கள், ஆனால் அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். ஊறிய கரைக்குத் தண்ணீரே முட்டுக்கொடுத்து நிற்கும். சட்டென்று எடுத்தால் கரை உள்ளே விழும். மழை விட்ட பிறகு ஓரடி இறைத்து, அரை நாள் விட்டு, அடுத்த ஓரடி. குழியைச் சுற்றி ஓரடி உயர வரப்பு போட்டால் வெளித்தண்ணீர் உள்ளே வராது. மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய் குழிப் பக்கம் விழுகிறதா என்று பார்த்துத் திருப்பிவிடுங்கள்.

தண்ணீர் வற்றியதும் அடியில் நாலைந்து அங்குலம் களியாகக் கிடக்கும். அதன் மேல் ஜல்லி கொட்டி மறைக்க விடாதீர்கள். கெட்டி மண் தட்டும் வரை சுரண்டி எடுத்து, குறைந்த உயரத்தை பிசிசி கலவையாலேயே நிரப்ப வேண்டும். கம்பி கட்டியிருந்தால் கம்பிக் கம்பியாகச் சேற்றைக் கழுவ வேண்டும். லேசான செந்துரு பரவாயில்லை, செதில் செதிலாக உரிந்தால் கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்து, கம்பி மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். குழாய் வாய்களை மூடியிருந்தார்களா என்று பாருங்கள். மூடாத குழாயில் சேறும் தவளையும் போயிருக்கும்; தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவி, அழுத்தச் சோதனையை முதலிலிருந்து செய்த பிறகே கான்கிரீட் லாரிக்குச் சொல்லுங்கள்.